பொத்தான் வெளியே சொன்ன பிறந்த தேதி

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் சேதராப்பட்டிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பிரெஞ்சில் இருந்தது. மதிப்பெண் எளிதாக வரும் என்று பள்ளியில் எடுத்துப் படித்த பிரெஞ்சு என்னுடையது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கடற்கரைப் பக்கத்து உணவகங்களின் பலகைகளைத் தவிர அந்த மொழியில் வேறெதையும் நான் படித்ததில்லை. அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன்.

கடிதம் சின்னது. எழுதியவர் ஒரு தாய். தான் பிரான்சில் வசிப்பவர் என்றும், போன வருடம் எங்கள் இணையக் கடையில் மகளுக்கு ஞானஸ்நான உடை வாங்கியவர் என்றும் முதலில் சொல்லியிருந்தார். பிறகு, ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனக்குத் தரும் உரிமையில் மூன்று கேள்விகள். என் மகளைப் பற்றி உங்கள் கடையிடம் என்னென்ன இருக்கிறது? அதில் எதை, யாரிடம் சொன்னீர்கள்? சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும்.

அதற்குக் கீழே, சட்டத்தோடு சம்பந்தமில்லாத சில வரிகள். மகள் ஆகஸ்டில், ஞானஸ்நானத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, இறந்துவிட்டாள். அதற்குப் பிறகும் அவளுக்கான விளம்பரங்கள் தன் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கின்றன. முதலில் ஆறு மாதக் குழந்தைக்கான சட்டை வந்தது. பிறகு உட்காரும் குழந்தைக்கான நாற்காலி. இப்போது தவழும் குழந்தைக்கு முழங்கால் உறை. அவள் அதற்குள் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். மே மாதம் முதல் பிறந்தநாள். அதற்குள் இது நின்றாக வேண்டும்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. நெல்லித்தோப்புக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தேன். எப்படியும் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

எங்கள் கடை என்று நான் சொல்வது பழக்கத்தால். கடை அக்காவுடையது. அவர் எனக்குச் சொந்தமில்லை. சிறுவயதில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளுக்கு என் புதுநன்மை உடையைத் தைத்தவர், அவ்வளவுதான். கோயிலுக்குப் போகும் தெருவில், வீட்டின் முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்கள். ஞானஸ்நான கவுனும் புதுநன்மை உடையும் மட்டும் தைப்பார். ஜாக்கெட் தைத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், "அதுக்கெல்லாம் பாவம் பண்ணின உடம்பு வேணும், நான் பாவம் இல்லாத உடம்புக்குத்தான் தைப்பேன்" என்பார்.

அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பிரான்சில் இருக்கிறார்கள். ஊரில் சொல்தா வீடு என்று சொல்வோம். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். குழந்தை அங்கே பிறந்தாலும் ஞானஸ்நானம் இங்கே சொந்தப் பங்குக் கோயிலில்தான். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருவார்கள். ஆனால் உடைக்கு மே மாதமே சொல்லியாக வேண்டும். ஆகஸ்டுக்குள் குழந்தை வளர்ந்துவிடும். அன்றைய அளவுக்குத் தைத்தால் கழுத்து நுழையாது. அதனால் அக்கா அளவே கேட்பதில்லை. இரண்டு தேதி கேட்பார். பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி. இடையில் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணுவார். "உங்க வீட்ல எல்லாம் குண்டா, ஒல்லியா?" என்று ஒரு கேள்வி. பிறகு துணியை வெட்டிவிடுவார். தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, அக்காவின் இந்தக் கணக்கைத்தான் ஒரு வலைத்தளமாக எழுதினேன். தமிழ், பிரெஞ்சு இரண்டிலும். படிவத்தில் இரண்டு தேதியைக் கொடுத்தால் அளவை அதுவே சொல்லும். எனக்கு அதில் பெருமை இருந்தது.

அன்று மாலை கடைக்குள் நுழைந்தபோது அக்கா ஒரு கவுனின் விளிம்புக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாப்பா, வேலை நாள்ல வந்துருக்க. கம்பெனிய இழுத்து மூடிட்டாங்களா?"

நான் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். முதல் பாதி வரைக்கும் அவர் தைத்துக்கொண்டே கேட்டார். குழந்தை இறந்துவிட்டது என்றபோது ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டார்.

"எந்த ஆர்டர்? கை நீளமா வெச்சதா?"

ஆர்டர் எண்ணைச் சொன்னேன். அவருக்கு எண்கள் நினைவிருக்காது, உடைகள் நினைவிருக்கும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"ஒரு ஆளு வந்து வாங்கினு போனாரு. தேதிக்கு இன்னும் பத்து நாளு இருக்குதேன்னு நெனச்சி, 'என்னாங்க, ஞானஸ்தானத்த முன்னால வெச்சிட்டீங்களா'ன்னு கேட்டேன். ஆமான்னாரு. நல்லபடியா நடக்கட்டும்னு சொல்லி, ஒரு குல்லாவ சும்மா குடுத்து அனுப்பிச்சேன்."

அக்கா ஊசியைத் துணியிலிருந்து உருவினார். அந்த உடையில்தான் குழந்தையை அடக்கம் செய்திருப்பார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தது.

பிறகு அவர் கேட்டார். "அதுக்கும் நமக்கும் என்னா பாப்பா? விளம்பரம் நாம போடலயே. அவங்க போன்ல வருது. போன்காரன கேக்கட்டும்."

எனக்கும் அப்படி எழுத ஆசையாக இருந்தது. வீட்டுக்குப் போய் வலைத்தளத்தின் நிரலைத் திறந்து பார்க்கும்வரை, அப்படித்தான் எழுதப்போகிறேன் என்றும் நினைத்தேன்.

என்ன செய்திருந்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

ஒன்று. அக்காவுக்குக் கடவுச்சொல் ஒத்துவராது. கையெல்லாம் சாக்பீஸ் தூளும் நூலுமாக இருக்கும். கண்ணாடியைத் தேடிப் போட்டு, எழுத்தெழுத்தாக அடிக்கப் பொறுமை இல்லை. அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் அவர் கைபேசிக்கு ஒரு இணைப்பு போகும்படி செய்தேன். அதைத் தொட்டால் போதும், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அளவு மூன்றும் தெரியும். அதற்கு எளிய வழி, இந்த மூன்றையும் அந்தப் பக்கத்தின் முகவரியிலேயே எழுதிவிடுவது. எழுதினேன். ஆர்டர் கொடுத்தவருக்கும் கடைசியில் நன்றிப் பக்கமாக அதே பக்கம்தான் தெரியும்.

இரண்டு. பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு கடையின் வலைத்தளத்தில், எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று எண்ணிக்கை காட்டும் ஒரு பொத்தான் இருந்தது. அக்காவுக்கு அது வேண்டும். ஒரு சமூக வலைத்தளம் அந்தப் பொத்தானை இலவசமாகக் கொடுத்தது. அவர்கள் தந்த நான்கு வரி நிரலை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அடிப்பகுதியில் ஒட்டினேன். ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் மட்டும், பொத்தானுக்கு மேலே நானே ஒரு வரி சேர்த்தேன்: உங்கள் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதைத்தான் அந்த நான்கு வருடங்களில் நான் யோசிக்கவே இல்லை. ஒரு பக்கத்தில் அந்தப் பொத்தான் தெரிய வேண்டுமானால், பார்ப்பவரின் கைபேசி அந்தச் சமூக வலைத்தளத்திடம் போய் அதை வாங்கிவர வேண்டும். வாங்கப் போகும்போது, எந்தப் பக்கத்துக்காக என்று முழு முகவரியையும் சொல்லும். அந்த வலைத்தளம் முன்பே அந்தக் கைபேசியில் விட்டுவைத்த அடையாளக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போகும். யாரும் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டாலே போதும்.

அந்தத் தாய் எதையும் அமுக்கவில்லை. நன்றிப் பக்கத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதை அக்காவிடம் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ நானே கடையில ஒரு ஆள உக்கார வெச்சி, வர்றவங்க சொல்றத எல்லாம் எழுதிக்கோன்னு நாற்காலியும் போட்டிருக்கேன்."

"நாற்காலி போட்டது நான்தான் அக்கா."

"கடை யாருது? என்னுது தான. நீ கீழ உக்காரு, கழுத்து வலிக்குது உன்ன அண்ணாந்து பாத்து."

சட்டமும் ஏறக்குறைய அவர் சொன்னதைத்தான் சொல்கிறது. அந்த வாரத்தில் நிறையப் படித்தேன். பொத்தானைக் கொடுத்தவர்கள் பிறகு அந்தத் தகவலை என்ன செய்கிறார்கள் என்பதற்குக் கடை பொறுப்பில்லை. ஆனால் தகவல் எடுக்கப்படுவதற்கும் அங்கே போய்ச் சேர்வதற்கும் கடையும் பொறுப்பு. பொத்தான் தெரிவதற்கு முன்பே, இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று வருபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சரி என்று அவர் சொன்ன பிறகுதான் அது தெரியவே வேண்டும். பிரெஞ்சில் பக்கம் வைத்து, பிரான்சில் இருப்பவர்களிடம் ஆர்டர் வாங்கியதால் அந்தச் சட்டம் நெல்லித்தோப்பின் முன்னறை வரைக்கும் வரும். நம் நாட்டிலும் இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதுவும் முதலில் சொல், பிறகு கேள் என்கிறது. இன்னொன்றும் படித்தேன். அந்த ஐரோப்பியச் சட்டம் உயிரோடிருப்பவர்களின் தகவலுக்கு மட்டும்தான். இறந்துபோன குழந்தைக்கு அதில் இடமில்லை. அந்தத் தாய் தன் பெயரில்தான் கேட்க முடியும். அதனால்தான் கடிதத்தில் அவ்வளவு கவனமாக, "என் ஆர்டர்" என்றும் "என் கைபேசி" என்றும் எழுதியிருந்தார் போலும்.

பதில் எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பழைய கைபேசியில் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். எங்கள் கடையில் ஒரு உடை ஆர்டர் செய்தேன். இல்லாத ஒரு குழந்தைக்கு, இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியைப் பிறந்த தேதியாகக் கொடுத்தேன். உடையில் பூத்தையலாகப் போடும் பெயருக்கான கட்டத்தில் 'சோதனை' என்று போட்டேன். வேறு எங்கும் எதையும் தேடவில்லை.

ஐந்தாம் நாள் மதியம், கேன்டீனில், அந்தக் கைபேசியைத் திறந்தேன். இரண்டு மாதக் குழந்தைக்கான பஞ்சுத்துணிச் சட்டை. எங்கோ ஒரு பெரிய கடையின் விளம்பரம். அதற்குக் கீழே, குழந்தை இரவில் தூங்க மறுக்கிறதா என்று ஒரு கேள்வி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி எட்டிப் பார்த்தாள். "ஏய், எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன்.

பொத்தானை அன்றே எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்தேன். அதன் இடத்தில் வெறும் படம் ஒன்றை வைத்தேன். அமுக்கினால், வேறொரு வலைத்தளத்துக்குப் போகப்போகிறீர்கள், அவர்களுக்கு உங்களைப் பற்றி இன்னின்ன தெரியவரும் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். அமுக்காவிட்டால் எதுவும் எங்கும் போகாது. முகவரியிலிருந்து தேதிகளை எடுத்தேன். பிறந்த தேதி கேட்பதையே நிறுத்தி, ஞானஸ்நானத்தன்று எத்தனை மாதம் என்று மட்டும் கேட்கும்படி மாற்றினேன். அக்கா எண்ணிக்கை போய்விட்டதைப் பார்த்து, "அவ்ளோ பேருக்குப் புடிச்சிருந்துச்சே, அவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பொத்தானை எடுத்த பிறகும் பழைய கைபேசியில் விளம்பரங்கள் நிற்கவில்லை. மூன்றாவது வாரத்தில், மூன்று மாதக் குழந்தைக்கான விரிப்பு வந்தது. குப்புற விழக் கற்றுக்கொள்ளும் வயது என்று எழுதியிருந்தது. நான் உண்டாக்கிய அந்தக் குழந்தை, நான் எதுவும் செய்யாமலே, அங்கே ஒரு மாதம் வளர்ந்திருந்தது. அந்தக் கைபேசியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு, அதை அங்கே வைத்ததே சரியில்லை என்று தோன்றி மேசைக்குக் கொண்டுவந்தேன்.

அந்தச் சமூக வலைத்தளத்தின் அமைப்புகளில், நான்கு அடுக்கு உள்ளே போனால், வெளியே உள்ள கடைகள் தந்த தகவலை உங்கள் கணக்கிலிருந்து துண்டிக்கலாம் என்று ஒரு இடம் இருந்தது. சோதனைக் கணக்கில் துண்டித்தேன். நாட்களைக் குறித்துக்கொண்டேன். முதல் வாரம் வந்துகொண்டுதான் இருந்தது. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு வரவில்லை.

சோதனை முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று அவருக்கு முன்பே எழுதி அவகாசம் கேட்டிருந்தேன். பதிலைப் பிரெஞ்சில் எழுதி, கீழே தமிழிலும் எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். அதில் இருந்தவை:

எங்களிடம் இருப்பவை: உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், மகளின் பெயர், அவள் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அளவு, தையல் குறிப்பு.

வெளியே போனவை: நீங்கள் பார்த்த பக்கங்களின் முகவரிகள். அவற்றில் ஒன்றில் மகளின் பிறந்த தேதியும், ஞானஸ்நானத் தேதியும், அளவும் இருந்தன. மகளின் பெயர் போகவில்லை.

எப்படிப் போயின: நாங்கள் வைத்த பொத்தான் மூலம். உங்களிடம் முன்பே சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அது எங்கள் கடமை. தவறிவிட்டோம்.

திரும்ப வாங்க முடியுமா: எங்களால் முடியாது. அவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. உங்கள் கணக்கிலிருந்து நீங்கள் துண்டிக்கலாம். நாங்கள் சோதித்ததில் பன்னிரண்டு நாள் ஆனது.

அந்த விளம்பரங்கள் வந்ததற்கு எங்கள் பொத்தான் மட்டும்தான் காரணம் என்று எங்களால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

கடைசி இரண்டு வாக்கியங்களைப் போடலாமா என்று அக்காவைக் கேட்டேன். "போடு. அந்தப் பொண்ணு தேதிய யார் கிட்டல்லாம் சொன்னேன்னு வருசம் பூரா எண்ணிப் பாத்திருக்கும். நாம ஒருத்தர்னு தெரியட்டும்" என்றார். பிறகு, "இனிமே பிரான்சுலேர்ந்து யாரும் தைக்கக் குடுக்க மாட்டாங்க, அவ்ளோதான" என்று தையலுக்குத் திரும்பினார். ஊரில் நடப்பது பிரான்சில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பதிலுக்குப் பதில் ஒரே வரியில் வந்தது, தமிழில். ஈஸ்டர் விடுமுறைக்கு வருகிறேன், கடைக்கு வரலாமா.

சனிக்கிழமை காலை வந்தார். என்னைவிட நான்கைந்து வயது பெரியவராக இருப்பார். பருத்திச் சுடிதார், தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே வருவதாகச் சொன்னார். செருப்பைக் கழற்றியபோது பாதத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடிக்க என்ன வேண்டும் என்று மூன்று முறை கேட்டார். அவர் மூன்று முறையும் தண்ணீர் என்றார்.

"உங்க லெட்டர படிச்சேன்" என்று என்னிடம் சொன்னார். "பேர் போகலன்னு எழுதியிருந்தீங்க."

"போகல. நல்லா பாத்துட்டேன்."

"அது ஒண்ணாவது."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். கையில் எதுவும் இல்லை.

எங்களிடம் உள்ளதைக் காட்டச் சொன்னார் அந்தத் தாய். மடிக்கணினியைத் திருப்பி வைத்தேன். அட்டவணையில் ஒரே ஒரு வரி. அவர் வரியின் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்கினார். தையல் குறிப்பு என்ற கட்டத்தில், அக்கா சொல்லி நான் அடித்திருந்தது: ஒல்லி வீடு. கை நீளமா வெக்கணும்.

"இது யாரு சொன்னது?"

"நான்தாம்மா" என்றார் அக்கா. "போன்ல கேட்டேன், குண்டா ஒல்லியான்னு. நீதான் சொன்ன, எங்க வீட்டுக்காரரு குச்சி மாதிரி இருப்பாருன்னு."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "கை சரியாத்தான் இருந்துச்சிக்கா" என்றார்.

பிறகு ஞானஸ்நானத் தேதி இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் விரும்பினால் இந்த வரியை இப்போதே அழித்துவிடுகிறேன், அது உங்கள் உரிமை என்று நான் சொன்னேன்.

"வேணாம்."

மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தேன்.

"பொறந்த சர்டிபிகேட் இருக்குது. இன்னொண்ணும் இருக்குது. ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்குது. ஆனா அவளுக்குன்னு இனிமே ஒரு நாள் வரப்போகுதுன்னு எழுதி வெச்ச எடம், இது ஒண்ணுதான். பங்குச் சாமியார் கூட பென்சில்லதான் குறிச்சி வெச்சிருந்தாரு. அழிச்சிருப்பாரு."

தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்று படித்தவள் நான். அதை அப்போது அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "அச்செடுத்து உங்க கிட்ட குடுத்துடறேன். எங்க கிட்டேர்ந்து அழிச்சிடறேன். உங்க கிட்ட இருக்கட்டும்" என்றேன். அவர் யோசித்தார். தலையாட்டினார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் அச்செடுத்து வந்தேன். அவர் அதை மடிக்கவில்லை. பைக்குள் இருந்த ஒரு புத்தகத்தின் நடுவில் தட்டையாக வைத்தார்.

அதன் பிறகு கைபேசியை எடுத்தார். துண்டிக்கும் இடத்தை நான் காட்டினேன். நான்கு அடுக்கு உள்ளே போனோம். எங்கள் கடையின் பெயர் அங்கே இருந்தது, பக்கத்தில் போன வருடத்துத் தேதியோடு. அதற்குக் கீழே துண்டி என்ற சொல்.

அவர் அமுக்கவில்லை.

"விளம்பரத்துக்குப் பக்கத்துல மூணு புள்ளி இருக்கும். இது எனக்கு வேணாம்னு அதுல சொல்லலாம். அது எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்" என்றார். என்னைப் பார்க்காமல், கைபேசியைப் பார்த்தே சொன்னார். "சொல்லல. மூணு மாச கவுன் வாங்குனவ அப்புறம் ஆறு மாச சட்டை வாங்குவான்னு அதுக்குத் தெரியும். வாங்கலன்னா என்னா அர்த்தம்னு மட்டும் தெரியல. நான் தெனம் பாப்பேன். இப்போ உக்காருவாளா, இப்போ பல்லு வந்திருக்குமா. அதுவே சொல்லும். பிப்ரவரியில ஒரு ஸ்வெட்டர் வந்துச்சி. ஒம்போது மாசம். வெள்ளை. கூடையில போட்டு, அட்ரஸ் எல்லாம் அடிச்சிட்டேன். அவரு வேலையிலேர்ந்து வந்துட்டாரு, மூடிட்டேன். பொறந்தநாளுக்கு வந்தா வாங்கிடுவேன். எனக்குத் தெரியும். வாங்கி, வீட்டுக்கு வந்து, பிரிச்சேன்னா..." நிறுத்தினார். "அதுக்குத்தான் எழுதினேன்."

அதுவரை அவர் விளம்பரங்களைப் பார்த்துக் கோபப்பட்டு எழுதினார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் தவறு எதைச் செய்திருந்தது என்பதை அப்போதுதான் முழுமையாகப் பார்த்தேன்.

கைபேசியை என் பக்கம் நீட்டினார். "நீங்க அமுக்கிடுங்க."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "நீங்கதான் செய்யணும்ங்க. உங்க கணக்கு. உங்க சம்மதம் இல்லாம நாங்க ஒரு தடவ..." என்று தொடங்கினேன்.

"அடச்சே, என்னாடி உன் சட்டம்" என்றார் அக்கா. "சம்மதம்னுதான இந்தப் பொண்ணு சொல்லுது. குடும்மா இப்படி."

கைபேசியை வாங்கி, தூரத்தில் பிடித்து, அருகில் பிடித்து, கண்களைச் சுருக்கினார். கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. "எங்க, எதுன்னே தெரியலயே" என்று விரலை நீட்டினார். விரல் நுனியில் சாக்பீஸ். அந்தத் தாய் அக்காவின் விரலை, இரண்டாம் கணுவில் பிடித்து, சரியான இடத்துக்கு மேலே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே பால்காரரின் வண்டி நின்று போனது. பிறகு விரல் கீழே இறங்கியது.

திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அக்கா முந்தானையால் துடைக்கப் போனார். "இருக்கட்டும்க்கா" என்றார் அவர்.

அவர் போன பிறகு அட்டவணையில் அந்த வரியை அழித்தேன். காப்பு நகல்களிலிருந்தும் அழித்தேன். பழைய கைபேசியில் இருந்த சோதனைக் கணக்கையும் அன்றே மூடினேன். மூடும்போது, உறுதியாகவா என்று அது இரண்டு முறை கேட்டது. முன்பு வாங்கியவர்களுக்கெல்லாம், இப்படி ஒன்று எங்கள் கடையில் இருந்தது, உங்களைப் பற்றிய இன்னின்ன வெளியே போயிருக்கலாம், இப்படித் துண்டிக்கலாம் என்று எழுதி அனுப்பினோம். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் பதில் எழுதவில்லை. பிரான்சிலிருந்து வரும் ஆர்டர்கள் அந்தக் கோடையில் குறைந்தன. எதனால் என்று அக்கா யாரையும் கேட்கவில்லை.

குழந்தையின் பிறந்த தேதி எங்களிடம் இப்போது எங்கும் இல்லை. ஆனால் எனக்கு மறக்கவில்லை. அதை எப்படி அழிப்பது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மே மாதம் அந்த நாளில் வேலையில் எதுவும் ஓடவில்லை. துண்டித்ததிலிருந்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுக்கும் மேலே ஆகியிருந்தது, போதும். ஆனால் என் சோதனை ஒரே ஒரு கைபேசியில், ஒரே ஒரு முறை செய்தது. வேறு யாராவது, வேறு ஏதாவது கடை, அதே தேதியை அவர்களுக்குச் சொல்லியிருந்தால்? விசாரிக்கலாமா என்று நான்கைந்து முறை கைபேசியை எடுத்தேன். அவரது எண்ணையும் அவர் எழுதிய மின்னஞ்சல்களையும் அந்த வரியோடு அழித்துவிட்டேன் என்பது ஒவ்வொரு முறையும் எடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் காலை, கடையின் மின்னஞ்சலுக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பஸ்ஸில்தான் படித்தேன். தமிழில், இரண்டே வரி.

ஒன்றும் வரவில்லை.

நேற்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.